கண் திறந்ததும் பார்க்க ஒரு ஜாடி

ஜாடி மூன்று துண்டாகத்தான் உடைந்திருந்தது. ஆல்வின் இரண்டு தடவை எண்ணிப் பார்த்தான். நான்காக உடையவில்லையே என்று ஒரு ஆறுதல் வந்தது. இதற்கெல்லாம் ஆறுதல் படும் நிலைமைக்கு வந்துவிட்டோமே என்று நினைத்ததும் அதுவும் போய்விட்டது.

"பாத்ரூமுல என்ன சத்தம்?" கூடத்திலிருந்து மாமனார் பொன்னுத்துரை கேட்டார்.

"சோப்பு டப்பா விழுந்திருச்சு மாமா."

"சோப்பு டப்பா இம்புட்டுக் கனமாவா விழும்?"

"புதுச் சோப்பு மாமா."

வெளியே மழை பெய்துகொண்டிருந்தது. ஐப்பசி பிறந்ததிலிருந்து திண்டுக்கல்லில் வெயிலைப் பார்த்தவர்கள் குறைவு. ஆல்வின் துண்டுகளைத் தன் பழைய லுங்கியில் சுற்றி, வாளிக்குப் பின்னால் வைத்துவிட்டு, ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான்.

ஆல்வினுக்கு நாற்பத்தாறு வயது. திருச்சி ரோட்டில் டைல்ஸும் வாஷ்பேசினும் விற்கும் கடையில் பதினெட்டு வருஷமாக சேல்ஸ்மேன். பொன்னுத்துரை அவனைப் பற்றி வெளியாட்களிடம் பேசும்போது 'கக்கூஸ் கடைக்காரர்' என்பார். நேரில் மரியாதை கருதி முதல் பாதியை விட்டுவிட்டு 'கடைக்காரரே' என்று கூப்பிடுவார். நான்கு வருஷமாக இவன் வீட்டில்தான் இருக்கிறார். காலையும் மாலையும் கண்ணுக்குச் சொட்டு மருந்து விடுவது இவன்தான். ஆனாலும் மாப்பிள்ளை என்ற வார்த்தை அவர் வாயில் வந்ததில்லை.

போன வாரம்தான் வந்தது.

பெரியவருக்கு இடது கண் பத்து வருஷத்துக்கு முன்பே போய்விட்டது. வலது கண்ணில் புரை மூடி, இப்போது வெளிச்சம் இருட்டு மட்டும்தான் தெரியும். மதுரை ஆஸ்பத்திரி டாக்டர், "புரையை எடுத்தாப் பார்வை வரலாம், வராமலும் போகலாம். உள்ள நரம்பு எப்படி இருக்குன்னு எடுத்தாத்தான் தெரியும்" என்று சொல்லியிருந்தார். எழுபத்தெட்டு வயசில் எதற்கு இந்த வேலை என்று பெரியவரின் மகன்கள் இரண்டு பேரும் போனிலேயே ஒதுங்கிக்கொண்டார்கள். ஆல்வின் மட்டும்தான், "செஞ்சிருவோம் மாமா. நான் கூட இருக்கேன்" என்றான்.

திரும்பி வரும் வழியில் பெரியவர், "மாப்ள, தண்ணி இருக்கா?" என்று கேட்டார்.

ஆல்வின் பாட்டிலைக் கொடுத்துவிட்டு, கொடைரோடு தாண்டும்வரை முகத்தைத் திருப்பி ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தான். பத்தொன்பது வருஷம் காத்திருந்து கிடைத்த வார்த்தை. அழாமல் என்ன செய்வான்?

அன்றைக்குச் சாயங்காலமே பெரியவர் தன் ஆசையையும் சொல்லிவிட்டார். "ஆஸ்பத்திரியில கட்டை அவுத்தாலும் நான் கண்ணை மூடிக்கிட்டேதான் வீட்டுக்கு வருவேன். மொதல்ல முழிக்கிறது என் ஜாடியிலதான்."

"கீறல் விழுந்த சாமான்ல யாராச்சும் முழிப்பாங்களாப்பா?" என்றாள் ஆல்வினின் மனைவி சகாயசெல்வி. "மாதா படத்துல முழிங்க."

"மாதா கோவிச்சுக்க மாட்டா. அவளை ரெண்டாவதாப் பாத்துக்கிறேன்."

அந்த ஜாடி ஒரு முழ உயரம். சாம்பல் கலந்த வெளிர் நீலம். உடம்பு முழுக்க மேல்பூச்சில் மெல்லிய கீறல்கள், வலை போட்ட மாதிரி ஓடும். அடியில் நீல மையில் ஆறு சீன எழுத்து. பெரியவர் வாலிபத்தில் ஹாங்காங்கில் ஒரு சீன வியாபாரி வீட்டில் பன்னிரண்டு வருஷம் சமையல் வேலை பார்த்தார். பழம்பொருள் வாங்கி விற்கும் அந்த மனிதர் ஊரைக் காலி செய்து போகும்போது, உன் கை ருசிக்கு என்று இதைக் கொடுத்தாராம். சீன ராஜாவின் சொந்தச் சூளையில் வெந்த பீங்கான் என்றும் சொன்னாராம். அது நிஜமா என்று சொல்லத் திண்டுக்கல்லில் ஆள் கிடையாது. பெரியவர் சொன்னார், வீடு நம்பியது.

ஆல்வின் கண்ணுக்கு மட்டும் அந்தக் கீறல்கள் உறுத்திக்கொண்டே இருந்தன. அவன் கடையில் பூச்சில் ஒரு முடியளவு கீறல் இருந்தாலும் அது டேமேஜ் பீஸ். அன்றே கம்பெனிக்குத் திருப்பி அனுப்பிவிடுவான். கீறலுக்குள் அழுக்கு வேறு கறுப்பாக ஏறியிருந்தது. மாமா கண் திறக்கும்போது ஜாடி பளிச்சென்று இருக்கட்டும் என்று டைல்ஸ் கறை எடுக்கும் திரவத்தை ஊற்றித் தேய்த்தான். நல்ல எண்ணம்தான். அவன் வாழ்க்கையில் நடந்த கெட்டதெல்லாம் நல்ல எண்ணத்தில் தொடங்கியதுதான். ஜாடி வழுக்கியது.

வாஷ்பேசின் ஒட்டும் எபாக்ஸி பசை வீட்டிலேயே இருந்தது. பெரியவர் மத்தியானம் தூங்கும்போது ஒட்டி, துடைத்து, பழைய இடத்தில் வைத்துவிட்டான். தூரத்திலிருந்து பார்த்தால் தெரியவில்லை. பார்க்கிறவருக்கு இப்போதைக்குப் பார்வையும் இல்லை. ஆபரேஷனுக்கு இன்னும் இருபது நாள் இருந்தது.

ஆனால் பெரியவர் ஜாடியைப் பார்க்காவிட்டாலும் தட்டுவார். தினமும் காலை ஜெபம் முடிந்ததும், சந்தையில் பானை வாங்குகிறவர்கள் தட்டிப் பார்ப்பதுபோல, விரல் முட்டியால் ஒரு தட்டு. அது 'டங்' என்று சொல்லும். அவர் காப்பி குடிப்பார்.

மறுநாள் காலை அது 'டொக்' என்றது.

"என்ன மாப்ள, சளி பிடிச்ச மாதிரி இருக்கு?"

"மழை மாமா. ஈரம் எறங்கியிருக்கும்."

"பீங்கானுக்குள்ள ஈரம் எறங்குமா? உங்க கடைப் பேசின்ல எறங்குமா?"

"எறங்காது மாமா."

"அப்ப?"

"இதுல கீறல் இருக்குல்ல மாமா. அது வழியா."

பெரியவர் யோசித்தார். "அப்பச் சரி. வெயில் வந்தா மாடியில வைங்க."

வெயில் அன்றைக்கென்று பார்த்து வந்தது. ஆல்வின் கடைக்குப் போனபின் செல்வி ஜாடியை மாடியில் வைத்தாள். பாதி காய்ந்திருந்த எபாக்ஸி சூட்டில் இளகி, வாய்ப்பக்கத் துண்டு மெல்லச் சரிந்து, சரிந்த நிலையிலேயே இறுகிவிட்டது.

"ஏங்க, ஜாடிக்கு வாய் கோணிருச்சுங்க" என்று செல்வி போன் செய்தாள்.

சாயங்காலம் வந்து உண்மையைச் சொன்னான். செல்வி ஜாடியைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள். இரண்டில் எது அதிகம் கோணியிருக்கிறது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"அப்பாகிட்டச் சொல்லிருங்க. திட்டுவாரு. ரெண்டு நாள் பேச மாட்டாரு. அம்புட்டுத்தான்."

"மாப்ளன்னு கூப்பிட ஆரம்பிச்சு எட்டு நாள்தான் ஆகுது செல்வி."

செல்வி அடுப்படிக்குப் போய் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

அடுத்த காலையிலிருந்து ஆல்வின் எவர்சில்வர் டம்ளரும் ஸ்பூனுமாக மாமனார் நாற்காலிக்குப் பின்னால் நிற்கத் தொடங்கினான். அவர் ஜாடியைத் தட்டும் அதே நொடியில் இவன் டம்ளரைத் தட்டுவான்.

'டங்.'

"ஆ! இப்பத் தெளிஞ்சிருச்சு" என்றார் பெரியவர். "இன்னொரு தடவை பாப்போம்."

'டங்.'

பெரியவர் திடீரென்று மூன்று தடவை மடமடவென்று தட்டினார். ஆல்வினுக்கு இரண்டுக்குத்தான் கை வந்தது. மூன்றாவது 'டொக்' என்று தனியாக நின்றது.

"ஒண்ணு மட்டும் இன்னும் காயல போல" என்று சொல்லிவிட்டு அவர் காப்பியை எடுத்துக்கொண்டார்.

சத்தத்துக்கு வழி கிடைத்துவிட்டது. பார்வைக்கு? ஒட்டிய இடமெல்லாம் எபாக்ஸி மஞ்சளாகத் தடித்துக் கிடந்தது. கண் திறந்தால் முதலில் அதுதான் தெரியும். ஆல்வின் ராத்திரி படுக்கும்போது மருமகன் நினைக்கக் கூடாத ஒன்றை நினைத்தான். ஆபரேஷன் கொஞ்சம் தள்ளிப்போனால் என்ன? நினைத்ததும் தன்மேலேயே அருவருப்பு வந்து எழுந்து உட்கார்ந்து, "ஆண்டவரே, அவருக்குக் கண்ணைக் குடு" என்று மூன்று தடவை சொல்லிவிட்டுப் படுத்தான். தூக்கம் வரவில்லை.

அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தான். பள்ளிக்கூடம் போகும் மகளின் கறுப்புப் பேனாவை எடுத்து, ஒட்டிய கோடுகளைச் சுற்றி ஜாடி முழுக்கப் புதுக் கீறல்களை வரைந்தான். கீறலோடு கீறலாக ஒட்டும் மறைந்துவிடும் அல்லவா? வரைந்து முடித்தபோது ஜாடி முனிசிபாலிட்டி ரோடு மேப் மாதிரி இருந்தது.

காலையில் பெரியவர் ஜாடியைத் தடவினார், தட்டினார், அதே விரலால் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார்.

"சாம்பல் புதனுக்கு இன்னும் நாலு மாசம் இருக்கேப்பா" என்றாள் காப்பி கொண்டுவந்த செல்வி.

அன்றைக்குச் சாம்பலால் இடுவதுபோலவே, நெற்றியில் பேனா மையில் கறுப்புச் சிலுவை அச்சாக நின்றது. ஆல்வின் பாய்ந்து துடைத்தான்.

"என்ன மாப்ள?"

"கொசு மாமா."

"சிலுவைக் கொசுவா?" என்று கேட்டுவிட்டு அவர் சிரித்தார். அவர் சிரித்து ஆல்வின் அதிகம் பார்த்ததில்லை. இவ்வளவு நல்ல மனிதரை ஏமாற்றுகிறோமே என்று வெட்கமாக இருந்தது.

இனி ஒட்டு வேலை ஆகாது, புதிதாகவே ஒன்று செய்துவிடுவது என்று முடிவு செய்தான். வடமதுரை தாண்டி ரோட்டோரத்தில் தங்கமுத்து என்பவர் பூந்தொட்டியும் ஊறுகாய் ஜாடியும் செய்து சுடுகிறார். ஆல்வினின் கடைக்கும் பூந்தொட்டி கொடுத்துப் பழக்கம். ஆல்வின் பழைய போட்டோவைப் போனில் காட்டினான்.

"கீறலா?" என்றார் தங்கமுத்து.

"ஆமா. மேல்பூச்சுல மட்டும். உடம்பு பூரா. ஆனா உடையக் கூடாது."

"சார், முப்பது வருஷமா கீறல் விழுந்திரக் கூடாதுன்னு சாமி கும்பிட்டுத்தான் சூளையைப் பத்த வைக்கிறேன். நீங்க வந்து விழணும்ங்கிறீங்க. சாமிகிட்ட நான் என்னன்னு சொல்றது?"

"இந்த ஒரு தடவை மாத்திக் கும்பிடுங்க."

தங்கமுத்துவுக்கு மனசு வரவில்லை. ஆனாலும் செய்தார். முதல் ஜாடி சூளையிலிருந்து வந்தபோது அதில் தேடினாலும் ஒரு கீறல் இல்லை. "என் ஆயுசுல இப்படி ஒரு பீஸ் வந்ததில்ல சார்" என்று கண் கலங்கி, அதை ஆல்வினுக்குக் கொடுக்காமல் தன் வீட்டு அலமாரியில் வைத்துக்கொண்டார். இரண்டாவதில் கீறல் விழுந்தது. பூச்சோடு நிற்காமல் உள்ளேயும் போய், தூக்கியதும் அடிப்பாகம் தனியே தரையில் நின்றது. மூன்றாவதைச் சுட்டு, சூளையை ஆறவிட்டுப் பிரிப்பதற்கு வெள்ளிக்கிழமை காலை ஆகிவிடும்.

ஆபரேஷன் வியாழக்கிழமை. கட்டுப் பிரிப்பது வெள்ளிக்கிழமை காலை.

அதற்கு நடுவில் ஒருநாள் காலை பெரியவர் தானாகவே ஜாடியின் கதையை எடுத்தார். ஆல்வின் டம்ளரோடு பின்னால் நின்றுகொண்டிருந்தான்.

"இதைச் செய்யச் சொன்ன ராஜாவுக்கும் அறுநூறு வருஷத்துக்கு முன்ன வேற ராஜாக்க இருந்தாங்க மாப்ள. அவங்க காலத்து ஜாடியில பூச்சு இந்த மாதிரிக் கீறிக்கிச்சு. அதுவே அழகாப் போச்சு. பின்னாடி வந்த இவருக்கு அதுமேல கொள்ளை ஆசை. தன் சூளைக்காரனைக் கூப்பிட்டு, அதே கலரு, அதே கீறல், அச்சா அப்படியே செய்யின்னாரு. செஞ்சு முடிச்சு, அடியில தன் பேரைப் போடச் சொன்னாரு."

"அப்ப இது டூப்ளிகேட்டா மாமா?"

"டூப்ளிகேட்டுதான். ஆனா ஏமாத்தப் பண்ணல. பழசு மேல இருக்கிற பிரியத்துல பண்ணினது. ஏமாத்துறவன் தன் பேரைப் போடுவானா?"

ஆல்வின் கையிலிருந்து ஸ்பூன் நழுவித் தரையில் விழுந்தது. பெரியவர் அது என்ன சத்தம் என்று கேட்கவில்லை.

வியாழக்கிழமை ஆல்வின் மதுரையில் மாமனாரோடுதான் இருந்தான். ஆண்கள் வார்டில் துணைக்கு ஒரே ஒரு ஆண்தான் தங்கலாம் என்பதால் செல்வி வரவில்லை. ஆபரேஷன் அரை மணி நேரத்தில் முடிந்தது. பெரியவர் கட்டுப் போட்ட கண்ணோடு கட்டிலில் படுத்து, இவன் கையைப் பிடித்துக்கொண்டே இருந்தார். அந்தப் பிடியை விடுவித்துக்கொண்டு போவதுதான் ஆல்வினுக்குக் கஷ்டமாக இருந்தது.

"மாமா, விடிஞ்சதும் நான் கிளம்பணும். கடையில ஸ்டாக் எடுக்கிறாங்க. நம்ம பாரூக் காரு கொண்டுக்கிட்டு வருவான். கட்டுப் பிரிக்கும்போது அவன் கூட இருப்பான்."

முகமது பாரூக் அடுத்த தெருவில் வாடகைக்குக் கார் ஓட்டுகிறவன். நம்பகமானவன்.

பெரியவர் கையை அவரே விட்டார். "போயிட்டு வாங்க மாப்ள. நீங்க அந்த வேலையை முடிங்க."

வெள்ளிக்கிழமை பதினொன்றரை மணிக்கு ஆல்வின் மூன்றாவது ஜாடியோடு வீட்டுக்குள் ஓடி வந்தான். கீறல் பிரமாதமாக விழுந்திருந்தது. தட்டினால் கணீரென்று சொன்னது. செல்வி சாக்குப் பையிலிருந்து அதை வெளியே எடுத்தாள்.

"என்னங்க, பச்சையா இருக்கு?"

"நீலத்துக்குப் பக்கத்துப் பச்சைதான்."

"கிளிப் பச்சைங்க." அவள் அதைத் திருப்பி அடியைப் பார்த்தாள். 'தங்கமுத்து, வடமதுரை' என்று எழுதி, கீழே பத்து இலக்கத்தில் செல் நம்பரும் போட்டு, அழியாமல் சுட்டிருந்தது.

"ராஜா பேரு போடணும்னுதான் அவர்கிட்டச் சொன்னேன் செல்வி. எங்க சூளைக்கு நாங்கதான சார் ராஜான்னுட்டாரு."

செல்வி தலையில் கைவைத்து உட்கார்ந்தாள். ஆல்வினும் பக்கத்தில் உட்கார்ந்தான். இருபது நாள் அலைந்தது இதற்குத்தானா? போதும் என்று தோன்றியது. "சொல்லிரப் போறேன். வந்ததும் காலைப் பிடிச்சுச் சொல்லிரப் போறேன். பழையபடி கடைக்காரரேன்னு கூப்பிடட்டும்."

வாசலில் கார் நின்றது. செல்வி அவசரமாகப் பழைய ஜாடியை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் பச்சை ஜாடியை வைத்தாள்.

பெரியவர் கண்ணுக்கு மேல் வெள்ளைத் துண்டைக் கட்டிக்கொண்டு, பாரூக்கின் தோளைப் பிடித்தபடி வந்து தன் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"டாக்டர் என்னப்பா சொன்னாரு?" என்றாள் செல்வி.

"நல்லபடியாச் சொன்னாரு. மொதல்ல ஜாடி."

பாரூக் மருந்துப் பையை மேஜையில் வைத்துவிட்டு, யாரையும் பார்க்காமல் வெளியே போய்விட்டான்.

"மாமா, அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும்" என்று ஆல்வின் ஆரம்பித்தான். அவர் அதற்குள் துண்டை அவிழ்த்துவிட்டார்.

கண்ணைத் திறந்தார். ஜாடிப் பக்கம் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். செல்வி மாதா படத்தைப் பார்த்து மனசுக்குள் ஏதோ வேண்டிக்கொண்டாள்.

"அதே சாம்பல் நீலம்" என்றார் பெரியவர்.

ஆல்வின் பச்சை ஜாடியைப் பார்த்தான்.

அவர் ஜாடியைத் தூக்கி மடியில் வைத்து, தடவி, கவிழ்த்து, அடியைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். "ராஜா பேரு அழியாம அப்படியே இருக்கு. ஆறு எழுத்தும்." பிறகு முட்டியால் தட்டினார். ஆல்வினுக்குப் பழக்கம் விடவில்லை. கை தானாகப் பக்கத்தில் இருந்த டம்ளரைத் தட்டிவிட்டது. இரண்டு 'டங்' கேட்டது.

பெரியவர் வாய்விட்டுச் சிரித்தார். "ஒண்ணுக்கு ரெண்டாக் குடுக்குது! நல்லா வச்சிருக்கீங்க மாப்ள. ரொம்ப நல்லா வச்சிருக்கீங்க." கையை நீட்டினார். ஆல்வின் போய் அதைப் பிடித்துக்கொண்டு சின்னப்பிள்ளை மாதிரி அழுதான். பெரியவர் அவன் தலையைத் தடவினார். பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவை.

"செத்த நேரம் படுக்குறேன். வெளிச்சம் கூசுது" என்று சொல்லிவிட்டுச் செல்வியின் கையைப் பிடித்துக்கொண்டு அவர் உள்ளே போனார்.

புதுக் கண்ணுக்கு நிறமும் எழுத்தும் தெளிய நாலைந்து நாள் ஆகும் போலிருக்கிறது என்று ஆல்வின் நினைத்துக்கொண்டான். அந்த நாலைந்து நாளுக்குப் பிறகு என்ன செய்வது என்ற பயம் உடனே வந்து உட்கார்ந்துகொண்டது. சந்தோஷம் அவனிடம் ஐந்து நிமிஷத்துக்கு மேல் தங்கியதில்லை.

டம்ளரில் டீயை ஊற்றிக்கொண்டு வாசலுக்குப் போனான். மறுபடியும் தூறல் ஆரம்பித்திருந்தது. பாரூக் கிளம்பாமல் காருக்குள்ளேயே உட்கார்ந்திருந்தான். டீயை வாங்கிக்கொண்டவன் குடிக்கவில்லை.

"பாரூக்கு, உன்கிட்ட மட்டும் சொல்றேன். அது வேற ஜாடி. இன்னைக்கு மாமா கண்டுபிடிக்கல. பார்வை நல்லாத் தெளிஞ்ச பெறகு ஒருநாள் கண்டுபிடிச்சிட்டாருன்னா நான் என்னடா செய்வேன்?"

பாரூக் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சொன்னான்:

"நரம்பு செத்துப்போச்சு, இனிப் பார்வை வராதுன்னு டாக்டர் காலையிலயே சொல்லிட்டாருண்ணே, 'மாப்ள இருபது நாளா உடைஞ்ச ஜாடியை வச்சுக்கிட்டு அல்லாடுறாரு, இதையும் சேத்து அவர் தலையில போட்டுராத'ன்னு பெரியவர்தான் வழியெல்லாம் என்கிட்டச் சொல்லிக்கிட்டே வந்தாரு."